ஆசான் கண்ட தொண்டர்: அப்துல்லா முன்ஷியின் எழுத்தில் அயலகச் சமயப்பணி

சமயம் பரப்பும் நோக்கொடு கடல் கடந்து சென்றோரின் வரலாறு பெரும்பாலும் அவர்தம் கையாலேயே எழுதப்பட்டுள்ளது. தாயகச் சங்கத்துக்கு விடுத்த கடிதங்கள், ஆண்டறிக்கைகள், மறைந்தபின் நண்பர் தொகுத்த வாழ்க்கைக் குறிப்புகள் ஆகியனவே அதன் மூலங்கள். அவற்றில் தொண்டர் பேசுகின்றார். தொண்டினை ஏற்றவர் பேசுவதில்லை. தொண்டருக்கு அந்நாட்டு மொழியைக் கற்பித்த ஆசானோ, பெயரும் இன்றி, 'எம் முன்ஷி', 'எம் பண்டிதர்' என்ற அளவில் ஒரு வரியில் வந்து மறைகின்றார். ஆனால் மொழி தெரியாத ஊரில் சமயத்தொண்டன் முதன்முதல் நெருங்கிப் பழகுவது அந்த ஆசானோடுதான். தொண்டனின் பொறுமை, செருக்கு, உழைப்பு, சோர்வு ஆகிய அனைத்தையும் நாள்தோறும் எதிரே அமர்ந்து கண்டவர் அவர். அத்தகைய ஆசான் ஒருவரே எழுதுகோல் எடுத்தால் அவ்வரலாறு எவ்வாறு அமையும் என்பதற்கு விடையாக நிற்பது அப்துல்லா பின் அப்துல் காதிர் முன்ஷி எழுதிய 'ஹிக்காயத் அப்துல்லா' என்னும் மலாய் நூல்.

1843-இல் எழுதி முடிக்கப்பட்டு, 1849-இல் சிங்கப்பூரில் கல்லச்சில் வெளிவந்த இந்நூல், மலாய் உரைநடையில் ஒரு புதுநெறிக்குத் தொடக்கமாகக் கருதப்படுவது. சிங்கப்பூரின் தொடக்ககால வரலாற்றுக்குச் சான்றாகவும், இராஃபிள்ஸின் குணச்சித்திரத்துக்கு மூலமாகவும் பலரும் இதனைப் பயன்படுத்தியுள்ளனர். பாதிரிமார் பற்றிய பகுதிகள் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. அப்பகுதிகளே அயல்நாட்டுச் சமயப்பணியின் ஏற்றத்தையும் தாழ்வையும் ஒருசேரக் காட்டுவன.

நூலாசிரியரும் தமிழும்

தமிழ் பயில்வோர்க்கு அப்துல்லா அயலார் அல்லர். அவருடைய பாட்டனாரின் தந்தை ஏமன் நாட்டு அரபியர். நாகூரில் தங்கி அங்கேயே மணம் புரிந்துகொண்ட சமய ஆசிரியர். அவர் மக்களுள் ஒருவரான முகம்மது இப்ராகிம் மலாக்கா வந்து, மீரா லெப்பை என்பாரின் மகளை மணந்தார். அவ்வம்மையின் பெயர் மொழிபெயர்ப்புகளில் 'பேரி ஆச்சி' என வருவதைக் காணும் தமிழர் செவிக்கு விளக்கம் வேண்டியதில்லை. மலாக்காவில் பிறந்து வளர்ந்த அப்துல்லாவை அவர் தந்தை இரண்டரை ஆண்டுகள் தமிழ் ஆசிரியர் ஒருவரிடம் படிக்கவைத்தார். கணக்குக்கும் வாணிகப் பேச்சுக்கும் தமிழ் வேண்டும் என்பதும், நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் அதனைக் கற்பது முன்னோர் காலந்தொட்டு வந்த வழக்கம் என்பதும் அவர் கூறும் காரணங்கள். அந்தத் தமிழறிவின் பயனாகவே 1835-இல் தமிழர் ஒருவரின் துணையுடன் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாய்க்கு ஆக்கினார்.

மலாக்காக் கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு மலாய் கற்பித்தபோது அவர்கள் இட்ட 'முன்ஷி' என்னும் பட்டம் அவர் பெயரோடு நிலைத்தது. மொழி கற்பித்தலே அவருடைய தொழில். இதனை நினைவில் வைத்தாலன்றி அவர் பாதிரிமாரைப் பற்றிச் சொல்வனவற்றின் நிறை விளங்காது. அவர் அவர்களைச் சமயப் பகைவராகவும் நோக்கவில்லை, அருளாளராகவும் நோக்கவில்லை. மாணவராக நோக்கினார்.

இருவகை மாணவர்

இலண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த வில்லியம் மில்ன் 1815-இல் மலாக்கா வந்தார். அதே ஆண்டில் மலாய் மக்களிடையே பணிபுரியத் தாம்சன் வந்தார். இருவரையும் அப்துல்லா அருகிருந்து அறிந்தவர். மில்னைப் பற்றி எழுதுமிடத்து அவர் நடை குளிர்கின்றது. பணிவும் இன்சொல்லும், ஐயுற்றதைப் பொறுமையுடன் கேட்டுத் தெளியும் பாங்கும் அவர் கண்ட மில்னின் இயல்புகள். தாம் ஆங்கிலம் கற்றதற்கு மில்ன் குடும்பத்தார்க்கு அவர் நன்றி பாராட்டுகின்றார். பாதிரியாரிடம் படிக்கச் சென்றால் மதம் மாறிவிடுவான் என்று சுற்றத்தார் அஞ்சியதையும் அவர் மறைக்கவில்லை. ஊரார் அவரை 'அப்துல்லா பாதிரி' என்று எள்ளியதும் உண்டு. ஆயினும் அவர் இறுதிவரை முஸ்லிமாகவே வாழ்ந்து, 1854-இல் ஹஜ் பயணம் மேற்கொண்ட நிலையில் அரபு மண்ணில் உயிர் நீத்தார்.

தாம்சனைப் பற்றி எழுதும்போது நடை மாறுகின்றது. மத்தேயு எழுதிய நற்செய்தியை மலாயில் பெயர்க்கும் பணியில் ஆசானும் மாணவரும் மோதினர். மலாய்ச் சொற்களை ஆங்கில முறையில் அடுக்கினால் அது மலாய் ஆகாது என்பது ஆசானின் வாதம். சொல் மலாயாக இருக்கலாம். தொடர் மலாய் அன்று. அத்தொடரைக் கேட்கும் மலாய்க்காரர் பொருளை உணரார், உணர்ந்தாலும் நகைப்பர். மாணவரோ தாம் கொண்டதையே கொண்டார். இறுதியில் ஆசான் தம் கைக்கு வந்த கூலியை ஏற்றுக்கொண்டு, தம் உள்ளத்துக்கு ஒவ்வாத வாசகங்களை எழுதிக்கொடுக்கும் நிலை நேர்ந்தது. அந்நூலின் குறைகளுக்குத் தாம் பொறுப்பல்லர் என்பதைப் பிற்காலத்தார் அறியவேண்டும் என்னும் வேட்கை இப்பகுதியின் உள்ளோட்டமாக இருக்கின்றது. கைந்நலம் உடைய தச்சன், வீட்டுக்காரர் பிடிவாதத்தால் கோணிய நிலையை நிறுத்திவிட்டு, போவோர் வருவோர்க்கெல்லாம் காரணம் சொல்லும் துயரம் இது.

சான்றின் தகுதி

இச்சான்றை அப்படியே ஏற்கலாமா என்னும் வினா எழுவது இயல்பு. அப்துல்லா ஆங்கிலேயரைப் பெரிதும் புகழ்ந்தவர். மலாய் மன்னரைக் கடிந்தவர். அதனால் பிற்கால மலாய் அறிஞர் சிலர் அவரை ஆங்கிலேயரின் ஊதுகுழல் என்றே கருதினர். இந்நூலும் அமெரிக்கப் பாதிரியாரான ஆல்பிரட் நார்த் என்பவரின் தூண்டுதலால் எழுந்தது. பாதிரிமார் கையால் ஊதியம் பெற்றவர், பாதிரியார் கேட்க எழுதிய நூலில், பாதிரிமாரைப் பற்றிச் சொல்வது முகமன் ஆகாதோ?

இந்த ஐயமே சான்றின் வலிமையைக் கூட்டுகின்றது. புகழ்வதில் கைசோராத ஒருவர், புகழ்ந்தால் பயன் உண்டு என்று அறிந்த இடத்தில், தாம்சனைக் குறைகூறுகின்றார் என்றால் அக்குறை அவர் மனத்தை ஆழமாக அறுத்திருக்கவேண்டும். மேலும் அவர் குறை கூறுவது தாம்சனின் சமயத்தையன்று, ஒழுக்கத்தையுமன்று; மொழியறிவைக் குறித்தே அவர் வழக்காடுகின்றார். தமக்கு முழு உரிமையுடைய துறையில் மட்டும் தீர்ப்புக் கூறி, ஏனையவற்றில் நாவடக்கம் காத்தது நல்ல ஆசிரியரின் இலக்கணம். ஆனால் ஆட்சியைப் பற்றியும் மன்னரைப் பற்றியும் எழுதும்போது அவர் அவ்வரம்பைக் காக்கவில்லை. அங்கே அவர் சொல்லைத் தள்ளி எடுத்துக்கொள்ளவேண்டும்; இங்கே அவ்வாறு தள்ளவேண்டியதில்லை.

தாம்சனின் பக்கத்தையும் எண்ணிப் பார்ப்பதே நடுநிலை. பிறப்பால் அவர் ஜெர்மானிய நிலத்தவர். ஆங்கிலச் சங்கத்தின் ஊழியராய், மூன்றாம் மொழியாகிய மலாயில் எழுத முயன்றவர். மனைவியின் நோய் தீர்க்கக் கப்பலேறிய பயணத்தில் அவரை இழந்தவர். மில்னின் நிலையும் அதுவே. மனைவி 1819-இல் மறைந்தார். மில்ன் தாமும் 1822-இல், 37-ஆம் அகவையில் மறைந்தார். அயலகத் தொண்டில் தாழ்வு என்பது சொற்பொருளில் கல்லறையாகவே வந்தது. இத்தகைய வாழ்வில், இறைமொழி என்று தாம் நம்பும் நூலின் ஒரு சொல்லையும் நெகிழவிடக்கூடாது என்ற அச்சம் ஒருவரை இறுக்கிப் பிடிப்பது வியப்பன்று. ஒருபுறம் மூலத்துக்கு உண்மை. மறுபுறம் கேட்போர் மொழிக்கு உண்மை. அப்துல்லாவும் தாம்சனும் ஆளுக்கொரு புறத்தில் நின்றனர். ஆயினும் தொண்டு என்பது கேட்போர்க்காகவே எனின், கேட்போர் மொழியை அறிந்தவனின் சொல் அம்மன்றத்தில் ஏறியிருக்கவேண்டும். அது ஏறாமற் போனதே தாம்சனின் தோல்வி.

தமிழில் ஓர் இணை

இவ்வழக்குத் தமிழுக்கும் புதிதன்று. ஃபபிரீசியஸ், இரேனியஸ் ஆகியோரின் மொழிபெயர்ப்புகள் முதல் 1871-இல் பவர் முன்னின்று முடித்த ஐக்கிய மொழிபெயர்ப்பு வரை, தமிழ் விவிலியத்தின் வரலாறு முழுவதும் மூலத்துக்கும் வழக்குக்கும் இடையே நடந்த இழுபறியே. அவற்றுள் 1850-இல் வெளிவந்த யாழ்ப்பாணத்துப் பதிப்பு அப்துல்லாவின் கதைக்கு மிக அணித்தானது. வெஸ்லியன் சபையின் பேர்சிவல் பாதிரியார், தம் பள்ளியில் பயின்று ஆசிரியராகவும் இருந்த ஆறுமுக நாவலரின் துணைகொண்டு அப்பணியைச் செய்தார். பேர்சிவல் தம் ஆசானின் தமிழை மதித்தவர். சைவராகவே இருந்த நாவலர், அச்சேறும் தமிழ் தமிழாக இருக்கவேண்டும் என்பதில் உறுதியாக நின்றவர். எனினும் அப்பதிப்பு திருச்சபையாரிடையே பரவி நிலைக்கவில்லை. ஆசானைக் கேளாத மொழிபெயர்ப்பு நாட்டாரிடம் தோற்றது. ஆசானைக் கேட்ட மொழிபெயர்ப்புச் சபையாரிடம் தோற்றது. அயலகத் தொண்டன் நிற்கும் இடுக்கு எத்துணைக் குறுகியது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

மற்றொன்றும் ஒப்பிடத்தக்கது. பாதிரிமாரின் கருவிகளை நாவலர் தமதாக்கிக்கொண்டார். 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1849-இல் சென்னை சென்று அச்சுப்பொறி வாங்கி வந்தார். அதே 1849-இல்தான் சிங்கப்பூரில் அப்துல்லாவின் நூல் பாதிரியாரின் கல்லச்சில் உருப்பெற்றது. நாவலர் அக்கருவிகளால் எதிர்ப்பியக்கம் கண்டார். அப்துல்லா தன்வரலாறு கண்டார். இருவரையும் மதம் மாற்ற இயலவில்லை. ஆயினும் இருவர் வழியாகவும் இரண்டு மொழிகளின் உரைநடை வளம் பெற்றது. சமயச் சங்கத்தின் கணக்கேட்டில் இவ்வருவாய்க்குத் தனிப்பத்தி கிடையாது.

காத்திருந்த கூடம்

தாம்சன் 1822-இல் சிங்கப்பூருக்கு வந்தார். அடுத்த ஆண்டு முதற்கொண்டு அச்சு வேலை நடந்தது. 1834-இல் அவர் அச்சுக்கூடத்தை அமெரிக்கச் சபையாருக்கு விற்றுவிட்டுத் தாயகம் திரும்பினார். அதனை விற்கும் உரிமை அவருக்கு உண்டோ என்னும் வழக்கு அப்பால் எழுந்தது. பன்னிரண்டு ஆண்டுப் பணியின் முடிவு ஒரு விற்பனைச் சீட்டாக அமைந்தது.

அதனினும் பெரிய தாழ்வு 1842-இல் நேர்ந்தது. அவ்வாண்டின் நான்கிங் உடன்படிக்கை சீனத்தின் ஐந்து துறைமுகங்களைத் திறந்தது. மலாக்காவும் சிங்கப்பூரும் சங்கங்களுக்குச் சீனத்தின் வாயில் திறக்கும்வரை காத்திருந்த கூடங்களே என்பது அப்பொழுது வெளிப்பட்டது. மலாக்காவின் ஆங்கிலோ-சீனக் கல்லூரி 1843-இல் ஹாங்காங்குக்குப் பெயர்ந்தது. அமெரிக்கச் சபையாரும் அவ்வாண்டில் சிங்கப்பூரை விட்டனர். நார்த் மதுரைப் பணிக்கு மாற்றப்பட்டார். 1847-க்குள் இலண்டன் சங்கமும் வெளியேறியது. தம்மை நாடி வந்ததாக எண்ணிய தொண்டர், உண்மையில் வேறொருவர் வீட்டுக்குச் செல்லும் வழியில் தம் திண்ணையில் இளைப்பாறினர் என்று உள்ளூரார் உணர்வது எத்தகைய அனுபவம்! தங்காமல் போனவரின் பணி நீர்மேல் எழுத்தாவதற்கு இதுவே தலையாய காரணம்.

ஒருவர் மட்டும் தங்கினார். ஐதராபாத்தில் பிறந்த பெஞ்சமின் கீஸ்பரி, சங்கத்தின் ஊதியத்தைத் துறந்து, அச்சுத்தொழிலால் தம்மைத் தாங்கிக்கொண்டு மலாய் மக்களிடையே பணியைத் தொடர்ந்தார். அவர் அப்துல்லாவிடம் மலாய் பயின்றவர். 'ஹிக்காயத் அப்துல்லா' அச்சேறியது அவர் கூடத்திலேதான். பின்னாளில் ஜொகூர் சுல்தானான அபுபக்கர் அவர் பள்ளியில் பயின்றவர். இன்றைய லிட்டில் இந்தியாவுக்குச் சற்றுத் தெற்கே பிரின்செப் தெருவில் 1843-இல் எழுந்த அவருடைய மலாய்ச் சிற்றாலயமே இன்றுள்ள பிரஸ்பிட்டேரியன் ஆலயத்துக்கு முன்னோடி. 1875-இல் அவர் மறைந்தார்; மலாய்ச் சபையோ தழைக்கவில்லை. அவருடைய அச்சகம் 1865-இல் ஃபிரேசர், நீவ் என்னும் இருவர் கைக்கு மாறியது. அவர்கள் 1883-இல் தொடங்கிய சோடா வாணிகமே இன்றளவும் அப்பெயரால் வழங்குகின்றது. வேதம் அச்சிட்ட கூடத்தின் வழிவந்தது குளிர்பானப் புட்டி என்பது காலத்தின் நகைச்சுவை. ஆனால் அக்கூடத்தில் உருவான அப்துல்லாவின் நூல் அழியவில்லை. ஆசானிடம் பயின்று தங்கிய ஒரு தொண்டனின் உண்மையான ஈட்டம், தம் மதம் தழுவாத ஆசானின் நூலாகவே முடிந்தது.

ஷார்ட் தெருவும் நாரிஸ் சாலையும்

அப்துல்லாவின் நூல் தரும் இவ்வளவுகோல் பின்வந்த பணிகளுக்கும் பொருந்துகின்றது. ஆஸ்திரேலிய நாட்டு சோபியா பிளாக்மோர் என்னும் மெதடிஸ்டு அம்மையார் 1887-இல் சிங்கப்பூர் வந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், செலிகி சாலையை அடுத்த ஷார்ட் தெருவில், தமிழ் வணிகர் உதவிய கடைவீடொன்றில் ஒன்பது சிறுமியரோடு தமிழ்ப் பெண் பள்ளியைத் தொடங்கினார். அங்கும் முதலடி எடுத்து வைத்தவர் உள்ளூர்த் தமிழரே; தம் பெண்மக்கள் படிக்கவேண்டும் என்று விரும்பிய தந்தையர் பொருள் கொடுத்தனர். பின்பு வீடு வீடாகச் சென்று சீனக் குடும்பப் பெண்களையும் படிக்க அழைத்த அம்மையார், 1928 வரை தங்கிப் பணிபுரிந்தார். அவர் நட்ட செடி இன்று மெதடிஸ்டு பெண்கள் பள்ளி என்னும் பெருமரம். பெண்கல்வி நோக்கில் அது மாபெரும் ஏற்றம். தமிழ் நோக்கில் வேறொரு விடை வருகின்றது: தமிழ்ப் பள்ளியாகத் தொடங்கியது ஆங்கிலப் பள்ளியாக வளர்ந்தது.

இந்தியாவிலிருந்து வந்த பணியும் இவ்விதிக்கு விலக்கன்று. 1928-இல் சிங்கப்பூரில் கிளை கண்ட இராமகிருஷ்ண மிஷன், 1932-இல் லிட்டில் இந்தியாவின் நாரிஸ் சாலையில் கட்டடம் எழுப்பித் தமிழ்ப் பள்ளி நடத்தியது. வங்கத்தில் தோன்றிய துறவியர் இயக்கம், கடல் கடந்த ஊரில் தமிழ் கற்பிப்பதையே தன் தொண்டின் வாயிலாகக் கொண்டது. கேட்போர் மொழியில் தொண்டு செய்யும் நெறியை அது முதலிலேயே கைக்கொண்டது எனலாம். ஆனால் காலம் மாறியது. பெற்றோர் ஆங்கிலப் பள்ளிகளை நாடினர். தமிழ்வழிப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. 1982-இல் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியும் மூடப்பட்டது. மிஷனின் பணி பார்ட்லி சாலையில் வேறு வடிவங்களில் தொடர்கின்றது. மொழி கற்று வருபவரை ஊர் ஏற்றாலும், அம்மொழியை ஊரே கைநெகிழ்த்தால் தொண்டன் என்செய்வான்? இவ்வினாவுக்கு அப்துல்லாவின் நூலில் விடையில்லை. அவர் காலத்தில் மலாயைக் கைவிடும் மலாய்க்காரரை அவர் கண்டதில்லை. மலாயை முறையாகக் கல்லாத மலாய்க்காரரைக் கண்டு வருந்தியதோடு நின்றார்.

மதிப்பீடு

அயலகச் சமயப்பணியை மதிப்பிடுவோர் இரு தவறுகளுள் ஒன்றில் வீழ்கின்றனர். ஒருசாரார் தியாகத்தை எண்ணி அனைத்தையும் போற்றுவர். மற்றொரு சாரார் ஆதிக்கத்தை எண்ணி அனைத்தையும் தூற்றுவர். அப்துல்லாவின் நூல் இரண்டுக்கும் இடந்தரவில்லை. ஒரே சங்கத்திலிருந்து, ஒரே ஊருக்கு, ஒரே ஆண்டில் வந்த இருவரை அருகருகே நிறுத்தி, ஒருவர் ஏன் உயர்ந்தார், மற்றவர் ஏன் சறுக்கினார் என்று காட்டுகின்றது. வேறுபாடு சமயத்தில் இல்லை, சங்கத்திலும் இல்லை. ஆசானின் திருத்தத்தை ஏற்கும் மனத்திலேயே அது இருந்தது.

நூலின் குறையும் கூறப்படவேண்டும். அப்துல்லா தம் மனக்காயத்தைத் திறம்படச் சொல்கின்றார். மாணவரின் காயத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. தாம்சனின் இழப்புகளை அவர் நிகழ்ச்சியாகக் கண்டாரேயன்றி அவருடைய பிடிவாதத்தின் வேராகக் காணவில்லை. ஆசானுக்கும் மாணவன் உள்ளம் அறியும் கடன் உண்டு. அவ்விடத்தில் இவரும் சிறிது சறுக்குகின்றார்.

2019-இல் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் நகரின் முன்னோடிகளுக்கு உருவச்சிலைகள் வைக்கப்பட்டபோது, நாராயண பிள்ளையின் சிலையோடு முன்ஷி அப்துல்லாவின் சிலையும் இடம்பெற்றது. யோ சூ காங் சாலையையொட்டி ஆசிரியர் சங்கம் அமைத்த குடியிருப்பில், காளிதாசர், தாகூர் பெயர் தாங்கிய சாலைகளுக்கிடையே அவர் பெயராலும் ஒரு சாலை உண்டு. ஆசிரியர் குடியிருப்பில் அப்பெயர் அமைந்தது மிகப் பொருத்தம். அறிவிப்பாயினும் பாடநூலாயினும் சமயச் சொற்பொழிவாயினும், பிறமொழித் தொடரைத் தமிழ்ச் சொற்களால் அடுக்கிவிட்டு, 'இதுவும் தமிழே' என்று கொடுக்கப்படும் எழுத்து இன்றும் ஆசிரியர் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றது. கூலியைப் பெற்றுக்கொண்டு கையொப்பமிடுவதா, 'சொல் தமிழ். தொடர் தமிழன்று' என்று திருப்பி அனுப்புவதா என்னும் தேர்வு அப்துல்லாவின் மேசைமேல் கிடந்ததே. அவர் முன்னதைச் செய்துவிட்டு வாழ்நாளெல்லாம் வருந்தினார். அவ்வருத்தத்தை மறைக்காமல் எழுதிவைத்ததே அவர் பின்வரும் ஆசிரியர்க்கு விட்டுச்சென்ற பாடம்.